வினைமுதல் எங்கே? - எச்சத் தொடர்களின் மயக்கம் குறித்து ஒரு நோக்கு

நம் பாடசாலைகளிலே ஆங்கில இலக்கணம் கற்பிக்கப்படும் முறையைச் சற்று உற்று நோக்குவோர்க்கு ஓர் உண்மை புலப்படாமற் போகாது. இரண்டு சிறு வாக்கியங்களைக் கொடுத்து, அவற்றை ‘ஹூ’ அல்லது ‘விச்’ என்னும் சொல்லால் இணைத்து ஒரே வாக்கியமாக்குக என்று மாணவரைப் பணிக்கிறோம். அவர்களும் இணைக்கிறார்கள். விடை சரியாயின் புள்ளி. பிழையாயின் சிவப்புக் கோடு. இணைத்து உருவான வாக்கியம் யாரைக் குறிக்கிறது, ஒருவரைக் குறிக்கிறதா இருவரைக் குறிக்கிறதா, அதைப் படிப்பவன் எவ்வாறெல்லாம் விளங்கிக்கொள்ளக்கூடும் என்ற வினாக்கள் அப்பாடத்தில் எழுவதில்லை. தமிழ் இலக்கண வகுப்பின் நிலையும் இதனின் வேறன்று. பெயரெச்சத்துக்கு வரைவிலக்கணம் மனனம் செய்யப்படுகிறது. பெயரெச்சம் வாழ்க்கையிலே என்ன செய்கிறது என்பது சொல்லப்படுவதில்லை.

இலக்கணம் என்பது பரீட்சை மண்டபத்துக்கு மட்டும் உரிய சரக்கு என்று கருதுவோர்க்கு இது பெருங்குறையாகத் தோன்றாது. ஆனால் சட்டமும் சுற்றறிக்கையும் நியமனக் கடிதமும் நிவாரண அறிவித்தலும் வாக்கியங்களாலேயே ஆனவை. அவ்வாக்கியங்களின் பொருள் மயங்கும்பொழுது மயக்கத்தின் பயன் யாருக்குச் சேருகிறது என்று கேட்பது சமூகத்தைப் பற்றிய கேள்வியாகும். அக்கேள்வியையே இங்கு எடுத்துக்கொள்கிறோம்.

முதலில் ஆங்கிலத்தின் அமைப்பை நோக்குவோம். ஆங்கிலத்தில் பெயர் முன்னே நிற்க, அதனை விளக்கும் தொடர் ‘ஹூ’, ‘விச்’, ‘தட்’ முதலிய இணைப்புச் சொற்களோடு பின்னே வரும். முன்னே ஒரே பெயர் நின்றால் தொல்லையில்லை. ‘நடிகையின் பணியாள்’ என்பதுபோல இரண்டு பெயர்கள் அடுத்தடுத்து நின்று, ‘மாடி முகப்பில் நின்ற’ என்னும் பொருளுடைய தொடர் அவற்றின் பின்னே வந்தால், நின்றது நடிகையா, பணியாளா? இலக்கணம் இரண்டுக்கும் இடங்கொடுக்கிறது. 1988ஆம் ஆண்டில் குவெட்டோஸ், மிச்செல் என்னும் இரு ஆய்வாளர் இத்தகைய வாக்கியத்தையே எடுத்து ஆராய்ந்தனர். ஆங்கிலம் பேசுவோர் பெரும்பாலும் நடிகையையும், ஸ்பானிய மொழி பேசுவோர் பெரும்பாலும் பணியாளையும் கருதினர் என்று அவர்கள் கண்டனர். ஒரே அமைப்புடைய வாக்கியத்தை இரு மொழியினர் இரு விதமாக வாசிக்கின்றனர் என்றால், ஒரு மொழியில் எழுதி இன்னொரு மொழியில் ஆளப்படும் மக்களின் நிலையை நாம் எண்ணிப்பார்க்க வேண்டும்.

தமிழிலே இம்மயக்கம் இல்லை என்று பெருமை பேசுவோர் உண்டு. மட்டக்களப்பு வாழ்க்கையிலிருந்தே ஓர் உதாரணம் தருவோம். ‘வட்டிக்கு நெல் கொடுத்த போடியாரின் மருமகன்’ என்கிறோம். நெல் கொடுத்தவர் போடியாரா, மருமகனா? ஆங்கிலத்தில் பின்னே நிற்கும் தொடர் தமிழில் முன்னே நிற்கிறது, வேறுபாடு அவ்வளவே. மயக்கம் அப்படியே இருக்கிறது. படுவான்கரையில் வயல் செய்து கடன்பட்ட ஏழை உழவனுக்கு, தன் கடனை யாரிடம் தீர்ப்பது என்பது இலக்கண நுட்பமன்று, வயிற்றுப் பிரச்சினை.

தமிழ்ப் பெயரெச்சத்துக்கு இன்னொரு தனி இயல்பும் உண்டு. ‘உண்ட’ என்னும் எச்சம் சாத்தனையும் கொள்ளும், சோற்றையும் கொள்ளும், உண்ட இடத்தையும், காலத்தையும், கலத்தையும், உண்ணுதலாகிய தொழிலையுங்கூடக் கொள்ளும். இடம், பொருள், காலம், கருவி, வினைமுதல், வினை என்னும் ஆறனையும் அது தழுவி நிற்கும் என்று தொல்காப்பியர் வினையியலிலே வகுத்துரைத்தார். ஆங்கிலத்தில் இணைப்புச் சொல்லும் முன்னிடைச் சொல்லும் தாங்கும் பொருளுறவைத் தமிழில் எச்சத்தின் ஒரே அகரம் தாங்குகிறது. மேலும், பெயரெச்சம் திணையையோ பாலையோ எண்ணையோ காட்டுவதில்லை. செய்தவன் ஆணா பெண்ணா, ஒருவனா பலரா என்பன யாவும் பின்வரும் பெயரையே எதிர்நோக்கி நிற்கின்றன. சுருக்கம் இதன் சிறப்பு. அச்சுருக்கமே இதன் இடரும் ஆகும்.

இவ்விடரை நம் பழைய இலக்கணகாரர் அறியாதவர் அல்லர். வேற்றுமை மயங்கியலுக்கு உரை கண்டோர் காட்டிய ‘புலிகொல் யானை’ என்னும் தொடரைப் பல்கலைக்கழகத் தமிழ் மாணவர் அனைவரும் அறிவர். புலியைக் கொன்ற யானையா, புலியாற் கொல்லப்பட்ட யானையா? வேற்றுமை உருபு மறைந்த இடத்தில் கொன்றவனும் கொல்லப்பட்டவனும் இடம் மாறிக்கொள்ளக்கூடும். இதனைத் ‘தடுமாறு தொழிற்பெயர்’ என்று குறித்து, பின்வரும் சொல்லைக் கொண்டு பொருள் தெளிக என்று அவர்கள் வழியும் சொல்லிச் சென்றனர். யானை ஓடுகிறது என்று முடிந்தால் அது கொன்றது. யானையின் கோடு கொண்டுவரப்பட்டது என்று முடிந்தால் அது பெரும்பாலும் கொல்லப்பட்டது. கொலை நடந்தது உறுதி, கொன்றவர் யார் என்பதே ஐயம் என்னும் இவ்வுதாரணத்தைப் பண்டிதர் பலர் வேடிக்கைத் தொடராகவே கற்பித்து வந்திருக்கின்றனர். இதில் வேடிக்கை எதுவும் இல்லை என்பதை இத்தீவின் வரலாறு நமக்குக் காட்டியிருக்கிறது.

அதற்கு முன் இன்னொரு மயக்கத்தையும் சுட்ட வேண்டும். ஆங்கிலத்தில் விளக்கும் தொடரின் இருபுறமும் காற்புள்ளி இட்டால் ஒரு பொருள். இடாவிட்டால் வேறு பொருள். இட்டால் அத்தொடர் பெயர் குறிக்கும் அனைவரையும் பற்றிய கூடுதற் செய்தி. இடாவிட்டால் அவர்களுள் ஒரு பகுதியினரைப் பிரித்தெடுக்கும் வரம்பு. ஏட்டுச் சுவடியில் இத்தகைய குறிகள் இல்லை. அச்சுயுகத்தில் நிறுத்தற்குறிகளைத் தமிழ் உரைநடையில் நிலைபெறச் செய்தோருள் ஆறுமுக நாவலர் முதன்மையானவர். எனினும் பெயரெச்சத்துக்கும் பெயருக்கும் இடையே காற்புள்ளி இடுவது தமிழின் இயல்புக்கு ஒவ்வாதது. ஆகவே அக்குறி இங்கே நமக்கு உதவுவதில்லை.

‘பாதிக்கப்பட்ட மீனவர்க்கு வலையும் தோணியும் வழங்கப்படும்’ என்று ஓர் அறிவித்தல் ஒட்டப்பட்டதாகக் கொள்வோம். 1978ஆம் ஆண்டு நவம்பர் மாதச் சூறாவளியையும் 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் திகதி ஆழிப்பேரலையையும் கண்ட இக்கரைக்கு இது வெறுங் கற்பனையாகாது. மீனவர் அனைவரும் பாதிக்கப்பட்டவர்கள், ஆதலால் அனைவர்க்கும் வழங்கப்படும் என்பது ஒரு பொருள். மீனவருள் யார் பாதிக்கப்பட்டவர் என்று அதிகாரி தீர்மானிக்கிறாரோ அவர்க்கு மட்டும் என்பது இன்னொரு பொருள். வாசிக்கும் மீனவன் முதற் பொருளை நம்பி வரிசையில் நிற்பான். மேசைக்கு அப்பால் இருப்பவர் இரண்டாம் பொருளை எடுத்துக்கொள்வார். வாக்கியம் இருவருக்கும் பொதுவானதே. ஆனால் எந்தப் பொருள் செல்லும் என்று முடிவு செய்யும் அதிகாரம் இருவருக்கும் பொதுவானதன்று. மொழியின் மயக்கம் அதிகாரமுள்ளவன் பக்கமே சாயும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை. ‘மீனவருள் பாதிக்கப்பட்டோர்க்கு’ என்றோ, ‘பாதிப்புற்ற இம்மீனவர் அனைவர்க்கும்’ என்றோ எழுதத் தமிழில் வழியில்லாமல் இல்லை. எழுதுவோர்க்கு அவ்வக்கறை வேண்டும்.

இனி, நாட்டின் வரலாற்றையே மாற்றிய சில வாக்கியங்களுக்கு வருவோம்.

சோல்பரி அரசியலமைப்பின் 29ஆம் பிரிவின் இரண்டாம் உட்பிரிவு சிறுபான்மையோர்க்குக் காப்பரண் என்று போற்றப்பட்டது. வேறு சமூகத்தவரோ மதத்தவரோ எவ்வகை இயலாமைகளுக்கு உட்படுத்தப்படவில்லையோ, அவ்வகை இயலாமைகளுக்கு ஒரு சமூகத்தவரையோ மதத்தவரையோ உட்படுத்தும் சட்டத்தைப் பாராளுமன்றம் இயற்றலாகாது என்பது அதன் கருத்து. காப்பரணின் வலிமை முழுவதும் அந்த எச்சத் தொடரிலேயே தங்கியிருந்தது. ஆனால் ‘உட்படுத்தப்படாமை’யை எதனால் அளப்பது? சட்டத்தின் எழுத்தாலா, சட்டம் விழுகின்ற மனிதரின் வாழ்க்கையாலா? வாக்கியம் வாய் திறக்கவில்லை.

1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் எந்தச் சமூகத்தின் பெயரையும் சொல்லவில்லை. இலங்கையிற் பிறந்த ஒருவர், தம் தந்தை இலங்கையிற் பிறந்தவராயின், அல்லது தந்தைவழிப் பாட்டனும் பூட்டனும் இலங்கையிற் பிறந்தோராயின், வம்சாவழிக் குடிமகனாவார் என்று பொதுப்படவே பேசியது. எழுத்திலே இந்நிபந்தனை அனைவர்க்கும் ஒன்றே. தோட்ட லயத்திலே பிறந்து, பிறப்புச் சான்றும் பாட்டன் பிறந்த இடத்துக்கான பத்திரமும் இல்லாத தொழிலாளி மீதே அதன் முழுப் பாரமும் விழுந்தது. 1949ஆம் ஆண்டின் தேர்தற் சட்டத் திருத்தம் வாக்குரிமையைக் குடியுரிமையோடு பிணைத்தது. மலையகத் தமிழரின் பெயர்கள் வாக்காளர் இடாப்பிலிருந்து நீங்கின. கோடகன் பிள்ளை வழக்கு இலண்டன் கோமறைக் கழகம் வரை சென்றது. 1953ஆம் ஆண்டில் அக்கழகம் இச்சட்டங்கள் செல்லுபடியாகும் எனத் தீர்த்தது. இவை குடியுரிமை பற்றியன, ஒரு சமூகத்தை அச்சமூகமாகக் கொண்டு இயலாமைக்கு உட்படுத்துவன அல்ல என்பது அதன் நியாயத்தின் சாரம். எச்சத் தொடர் எழுத்தின்படி வாசிக்கப்பட்டது, வாழ்க்கையின்படி வாசிக்கப்படவில்லை. 1964ஆம் ஆண்டின் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 9,75,000 மக்களைக் கணக்குப் பொருளாக்கி, 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் என்று பங்கிட்டு, எஞ்சிய 1,50,000 பேரைப் பின்னர் பார்ப்போம் என்று ஒதுக்கிவைத்தது. எஞ்சியிருந்தோர்க்குக் குடியுரிமை வழங்கும் சட்டம் 2003ஆம் ஆண்டிலேயே வந்தது. ஆங்கிலம் தெளிவான மொழி, தமிழ் சட்டத்துக்கு ஏலாத மொழி என்று இன்றும் சொல்வோர் இத்தீர்ப்பை நினைவிற்கொள்வார்களாக. அப்பிரிவும் ஆங்கிலம், அச்சட்டமும் ஆங்கிலம், வாதமும் தீர்ப்பும் ஆங்கிலமே.

மொழிச் சட்டங்களின் கதையும் ஆராயத்தக்கது. 1956ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சட்டம் சிங்களத்தை நாட்டின் ‘ஒரே’ அரசகரும மொழியாக்கியது. அதில் மயக்கம் எதுவும் இல்லை, கொடுமை வெளிப்படையானது. அன்று பாராளுமன்றத்தில் அதனை எதிர்த்து முழங்கியோருள் ஒருவரான கொல்வின் ஆர். டி சில்வாவே 1972ஆம் ஆண்டு அரசியலமைப்பை ஆக்கும் பொறுப்பை ஏற்றார் என்பதும், அவ்வமைப்பு சிங்களத்தின் தனியிடத்தை உறுதிசெய்ததோடு 29ஆம் பிரிவின் காப்பையும் கைவிட்டது என்பதும் இடதுசாரி அணியினராகிய நாம் மறைக்கலாகாத வரலாறு. 1987ஆம் ஆண்டின் பதின்மூன்றாம் திருத்தம் நிலைமையை மாற்றியது. இலங்கையின் அரசகரும மொழி சிங்களம் என்று ஒரு வாக்கியம் முதலில் நிற்கிறது; தமிழும் ஓர் அரசகரும மொழி என்னும் கருத்துடைய வாக்கியம் அதனை அடுத்து வருகிறது; ஆங்கிலம் இணைப்பு மொழி என்பது மூன்றாவது. ஆங்கிலத்தில் முதல் வாக்கியம் ‘த’ என்ற சுட்டோடும், இரண்டாம் வாக்கியம் ‘ஆன்’, ‘ஆல்சோ’ என்ற சொற்களோடும் அமைந்தன.

நம் இலக்கண வகுப்பு இங்கேதான் பயன்படவேண்டும். ‘சிங்களமும் தமிழும்’ என்று ஒரே வாக்கியத்தில் எழுதியிருந்தால் அது எண்ணும்மை; இரண்டும் ஒரு நிரையில் நிற்கும். முதலில் சிங்களத்தைத் தனியே நிறுத்திப் பின் ‘தமிழும்’ என்றால் அது எச்சவும்மை. முன்னே முடிந்துபோன ஒன்றைத் தழுவிப் பின்னால் வந்து சேர்வது. சமத்துவம் என்றும் இதனை வாசிக்கலாம்; வால் என்றும் வாசிக்கலாம். உரிமை கோருவோன் முன்னதையும், தமிழில் எழுதிய கடிதத்துக்குச் சிங்களத்தில் விடை அனுப்பும் அலுவலகம் பின்னதையும் பற்றிக்கொள்ளும். ஓர் உம்மையை இடம் மாற்றி வைப்பதற்கு ஆட்சியாளர்க்கு மனம் வராமை தற்செயலன்று. இதனோடு, நம் சட்டங்கள் பலவற்றின் இறுதியிலே, சிங்கள உரைக்கும் தமிழ் உரைக்கும் இடையே ஒவ்வாமை நேரின் சிங்கள உரையே மேலோங்கும் என்ற வாசகம் நிற்பதையும் சேர்த்து நோக்குக. தமிழில் சட்டத்தை வாசிப்பவன் எவ்வளவு நுணுகி வாசித்தாலும் இறுதிப் பொருள் அவன் கையில் இல்லை. 

இனி, நெஞ்சை மிகவும் சுடும் தொடருக்கு வருகிறோம். ‘காணாமற்போன’ என்பது ஒரு பெயரெச்சம். ‘காணாமற்போன பிள்ளை’ என்றால் போனவன் பிள்ளை, வினைமுதல் அவனே. பொருட்காட்சியில் வழி தவறிய சிறுவனுக்கும் இத்தொடர் பொருந்தும். 1990ஆம் ஆண்டு செப்டம்பர் 5ஆம் திகதி, வந்தாறுமூலைக் கிழக்குப் பல்கலைக்கழக வளாகத்தில் தஞ்சம் புகுந்திருந்தோரிலிருந்து கொண்டுசெல்லப்பட்டுத் திரும்பாத 158 பேருக்கும் இதே தொடர் வழங்கப்பட்டது. கொண்டுசெல்லப்பட்டவன் தானே போனான் என்று வாக்கியம் சொல்கிறது. புலி கொன்ற யானையில் கொன்றவன் யார் என்ற ஐயமாவது இருந்தது. இங்கே ஐயத்துக்கே இடமில்லாமற் செய்துவிட்டது இலக்கணம்.

வடக்கிலும் கிழக்கிலும் வீதியோரங்களில் அமர்ந்த தாய்மார் இத்தொடரை ஏற்க மறுத்தனர். ‘காணாமல் ஆக்கப்பட்டோர்’ என்றே எழுதுக, சொல்லுக என்று வற்புறுத்தினர். அவர்களுட் பலர் இலக்கண நூல் கற்றவரல்லர். ஆயினும் தன்வினைக்கும் செயப்பாட்டு வினைக்கும் உள்ள வேற்றுமையை அவர்களைப்போல் இந்நாட்டிலே ஆழ்ந்து உணர்ந்தவர் வேறு யார்? 2016ஆம் ஆண்டின் 14ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்த அலுவலகம் ‘காணாமற்போனோர்’ என்னும் பழைய வினையையே தன் பெயரில் தாங்கியது. வலிந்து காணாமலாக்குதலைக் குற்றமாக்கும் 5ஆம் இலக்கச் சட்டம் 2018ஆம் ஆண்டில் வந்தது. தென்னமெரிக்காவிலும் இதற்கு ஒப்பான வரலாறு உண்டு. 1976 முதல் 1983 வரை ஆர்ஜென்டீனாவை ஆண்ட இராணுவ ஆட்சியின் காலத்தில், அதுவரை தன்வினையாகவே நின்ற ‘மறைதல்’ என்னும் சொல் ‘மறைக்கப்பட்டோர்’ என்ற பொருளை ஏற்றது. அங்கும் தாய்மாரே சதுக்கத்தில் நின்றனர்.

செயப்பாட்டு வினையும் வினைமுதலை வெளியே சொல்வதில்லையே என்று ஒருவர் வினவலாம். உண்மை. ‘ஆக்கப்பட்டோர்’ என்றால் யாரால் ஆக்கப்பட்டோர் என்ற இடம் வெற்றிடமாகவே இருக்கிறது. அரச படையா, ஆயுதம் தாங்கிய இயக்கமா, அவற்றோடு சேர்ந்தியங்கிய குழுவா என்பது விசாரணையால் நிரப்பப்பட வேண்டிய இடம். ஆனால் அவ்வெற்றிடம் ஓர் ஒப்புதல். செய்தவன் ஒருவன் உண்டு என்று அது ஒப்புக்கொள்கிறது. ‘போனோர்’ என்பதில் அந்த வெற்றிடமே இல்லை. ஆதலால் வினவுவதற்கும் ஒன்றுமில்லை. நீதி கோருவோனுக்கு இரண்டுக்கும் உள்ள தூரம் மிகப் பெரிது.

மயக்கம் கவிதைக்கு அணியல்லவா, அதனை நீக்கினால் மொழி வறண்டுவிடாதா என்று இலக்கிய அன்பர் கேட்பர். சிலேடையை நாம் வெறுக்கவில்லை. கவிதையில் இரு பொருள் தோன்றினால் இரண்டும் வாசகனுக்கே சொந்தம். அவன் எதையும் இழப்பதில்லை. சட்டத்திலும் அறிவித்தலிலும் இரு பொருள் தோன்றினால் ஒன்றே செல்லும். மற்றதை நம்பியவன் நிலத்தையோ வாக்கையோ மகனையோ இழக்கிறான். இருவகை எழுத்தையும் ஒரே தராசில் நிறுப்பது தவறு.

அப்படியாயின் நாம் செய்யத்தக்கது யாது? காரைதீவிலே 1892ஆம் ஆண்டு பிறந்த விபுலாநந்த அடிகள், அறிவியலைத் தமிழில் சொல்ல முடியும் என்று காட்டக் கலைச்சொல்லாக்கப் பணியில் முன்னின்றார். சொற்களை ஆக்கும் அப்பணியைத் தொடர்ந்து பலர் செய்தனர். வாக்கியங்களை ஆக்கும் பணி அவ்வளவாக நடைபெறவில்லை. ஆங்கில வாக்கியத்தின் பின்னே தொங்கும் நான்கு எச்சத் தொடர்களைத் தமிழில் பெயருக்கு முன்னே அடுக்கி, நாற்பது சொல்லுக்குப் பின் எழுவாயைக் காட்டும் மொழிபெயர்ப்பு நடை நம் அரச ஆவணங்களில் மலிந்து கிடக்கிறது. அதனை உடைத்து எழுதத் தமிழே வழி தந்திருக்கிறது. பெயரெச்சம் பாலும் எண்ணும் காட்டாது. வினையாலணையும் பெயர் காட்டும். ‘வட்டிக்கு நெல் கொடுத்தவர் போடியார், இவன் அவருடைய மருமகன்’ என்று இரண்டு வாக்கியமாக்கினால் ஐயம் அகன்றது. உருபை மறைக்காமல் விரித்து எழுதுக. உம்மையை எண்ணி இடுக. செயப்பாட்டு வினை வருமிடத்தில் ‘யாரால்’ என்று கேட்டு, விடை தெரிந்தால் அதையும் எழுதுக.

களுதாவளையிலும் களுவாஞ்சிகுடியிலும், வாவிக்கு அப்பால் படுவான்கரைப் பாடசாலைகளிலும் பணிபுரியும் ஆசிரியத் தோழர்களுக்கு ஒன்று சொல்வோம். இணைத்து எழுதுக என்னும் பயிற்சியோடு பிரித்து எழுதுக என்னும் பயிற்சியையும் வையுங்கள். பாடநூல் வாக்கியத்தோடு பிரதேச செயலகத்தின் அறிவித்தலையும், கூட்டுறவுச் சங்கத்தின் விண்ணப்பப் படிவத்தையும், அரசியலமைப்பின் மொழி பற்றிய உறுப்புரைகளையும் கரும்பலகையில் எழுதுங்கள். இது யாரைக் குறிக்கிறது, யாரை விடுகிறது, செய்தவர் எங்கே என்று மாணவரை வினவச் செய்யுங்கள். ஆங்கிலத்திலும் தமிழிலும் சிங்களத்திலும் இவ்வினாவைக் கேட்கப் பழகிய பிள்ளை பரீட்சையிலும் தோற்காது. நாளை ஒரு கடிதத்தைக் கையில் வாங்கும்பொழுது, கையொப்பமிடுமுன் அதை இரண்டாம் முறை வாசிக்கும்.